மலைக்கு மண்

மேசைமேல் ஓடும் பொம்மை ரயிலுக்கு தேவசகாயம் மலை கட்டிக்கொண்டிருந்தார். வடிகட்டி மிஞ்சிய டீத்தூளைக் காயவைத்து, பசை தடவிய தெர்மகோலில் தூவினால் மழை விட்ட மலைச்சரிவேதான். மனைவி இறந்தபின், ஒருவர் குடிக்கும் டீயில் சுரங்கவாய்க்கு மேலே மண் ஏறவில்லை. மலை பாதி வெள்ளையாகவே நின்றது.

எதிர்வீட்டு ரெஜினா எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று கேட்டாள்: "எங்க வீட்ல அஞ்சு பேரு சார். டீ சக்கையைக் குப்பையிலதான் கொட்டுறோம். கவர்ல போட்டுக் குடுத்துடவா?"

"அது வேற தூளும்மா, நிறம் சேராது. நீங்க இங்க வந்து குடிச்சாத்தான்…"

"அப்ப என்ன தூளுன்னு சொல்லுங்க சார், நாங்களும் அதையே வாங்கிடறோம்."

பெயர் மறந்துவிட்டது என்றார் தேவசகாயம். உள்ளே அடுப்பில் இரண்டு பேருக்கான தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.