ஆறு கிலோ அதிகம்

விமான நிலையத்தில் பெட்டியை எடை பார்த்த கவுண்டர் ஊழியர் உதட்டைப் பிதுக்கினார்.

“ஆறு கிலோ அதிகம் சார். வீட்லயே எடை பார்க்கலையா?”

“கையில தூக்கிப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு,” என்றார் கணவர்.

“படிச்சுப் படிச்சு சொன்னேன்,” என்றாள் மனைவி. “எடையப் பத்தி எனக்கே பாடமான்னு கேட்டாரு.”

அவர் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தார். மனைவியின் ஸ்வெட்டரை எடுக்கப் போனவர், அவள் முறைத்ததும் தன்னுடைய தடித்த புத்தகங்களை வெளியே எடுத்து வைத்தார்.

ஊழியர் ஒரு புத்தகத்தின் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். “மீப்பெருநிறைக் கருந்துளைகள்... மீப்பெருநிறைன்னா என்ன சார்?”

“பல லட்சம் சூரியனோட எடை ஒரே கருந்துளைக்கு இருந்தா அந்தப் பேரு.”

“அம்மாடி. அதை யாரு சார் எடை போட்டது?”

“இவர்தான்,” என்றாள் மனைவி. “அதுக்கு விருது வாங்கத்தான் போறோம்.”

அவர் ஜிப்பை இழுத்தபடி முனகினார்: “நல்லவேளை, அதைக் கையில தூக்கிப் பார்க்கலை.”