தலையணைக்கு நேராக

"பலகையைத் திருப்பிக் குடுத்துடுங்கக்கா."

துக்க வீட்டில் இப்படிக் கேட்கவே கூடாது என்று, கருவிகளை இரவல் தரும் நிலையத்தின் மேலாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் இறந்தவனைப் போலவே கை கால் அசையாத ஒரு பெண், அடுத்த வாரப் போட்டிக்கு இந்த மின்சதுரங்கப் பலகையைத்தான் நம்பியிருந்தாள். இந்த வீட்டில் கேட்டுக் கேட்டு மெக்கானிக் பெண்ணுக்கு அலுத்துவிட்டது.

"தம்பி ஆட்டம் இன்னும் முடியலியேம்மா," என்றாள் இறந்தவனின் அக்கா.

"அவர் போய் ஒன்பது நாளாச்சுக்கா."

குழாயில் ஊதினால்தான் காய் நகரும், மெக்கானிக்கே பொருத்தியது. பலகையின் பதிவைப் பார்த்தாள். அவன் போன பிறகும் நாளுக்கொரு நகர்த்தல். கடைசி, இன்று காலை.

"நீங்க ஊதுனீங்களா?"

"எனக்குக் குதிரையைத் தவிர எதுவும் தெரியாதும்மா."

குழாயின் உள்ளே ஈரம். வழக்கம்போல் பஞ்சால் துடைத்து, காலித் தலையணைக்கு நேராக, அதே உயரத்தில் மாட்டினாள். படிவத்தில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதினாள். மேலாளர் அறையில் அழகுக்கு நிற்கும் இன்னொரு பலகையை அந்தப் பெண்ணுக்காகப் பிடுங்கிவர, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.