கோஸ் முளை

டாக்டர் இரண்டாம் முறையாக அந்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார்.

நல்ல செய்தி என்றால் ஒரு முறை போதும். அது அவளுக்குத் தெரியும்.

பக்கத்து நாற்காலியில் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டியை எடுத்த ஆபரேஷனுக்குப் பிறகு சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. முகத்தில் மட்டும் ஒரு தெம்பு.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பதினோரு நாள். தினம் ஒரு கைப்பிடி.

போன தடவை வார்டில் பக்கத்துக் கட்டில் பெண்தான் போனில் காட்டினாள். முற்றிய கோஸில் இருப்பதைவிட மூன்று நாள் முளையில் பல மடங்கு சத்து. கட்டியை எதிர்க்கிற சத்து. ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பேர் இவள் வாயில் நுழையவில்லை. ஆனால் ஆசை வந்துவிட்டது.

மலையில் இரண்டு ஏக்கர் கோஸ் போடுகிறவர்கள் அவர்கள். அதில் ஒரு காயைக்கூட வீட்டுக்கு எடுத்ததில்லை. வாரம் இரண்டு தரம் பூச்சி மருந்து அடிக்கிற காயை யார் தின்பார்கள்? லாரியில் ஏற்றி அனுப்புவதோடு சரி.

முளைக்கு யார் மருந்து அடிக்கப் போகிறார்கள்? அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

விதை வீட்டிலேயே இருந்தது. அவர் படுத்துவிட்டதால் இந்தப் போகம் விதைக்காமல் கிடந்த பாக்கெட்டுகள்.

நாற்றங்கால் அவர் வேலை. களையெடுப்பும் அறுப்பும் அவளுடையது. விதையை அவள் கையில் எடுத்ததே அன்றைக்குத்தான். ரோஸ் நிறத்தில் இருந்தது. பச்சைப் பட்டாணிக்குக் கடைக்காரன் போடுகிற சாயம் மாதிரி ஏதோ என்று நினைத்தாள். தண்ணீர் தெளியும்வரை மூன்று முறை கழுவினாள். தன் சுத்தத்தை நினைத்துச் சந்தோஷம்கூடப் பட்டாள், பைத்தியக்காரி.

ஏது விதை என்று அவர் கேட்கவில்லை. தயிர்ச் சோற்றில் பிசைந்து கொடுத்ததைச் சாப்பிட்டார். இரண்டு நாளாகக் குமட்டுகிறது என்றார். மாத்திரைச் சூடு என்று இவளே சமாதானம் சொன்னாள்.

இன்று காலை புதுப் பாக்கெட்டைக் கத்தரிக்கும்போதுதான் பின்பக்கத்துச் சிவப்பு எழுத்து கண்ணில் பட்டது.

விஷ மருந்து கலந்த விதை. உணவுக்கோ தீவனத்துக்கோ பயன்படுத்தக் கூடாது.

பஸ்ஸில் நான்கு மணி நேரமும் அவள் தோளில் சாய்ந்து தூங்கினார். எழுப்பிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஈரல் டெஸ்ட்ல அளவு ரொம்ப ஏறியிருக்கு," என்றார் டாக்டர். "வேற எதுவும் குடுக்குறீங்களா? நாட்டு மருந்து, கஷாயம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். கோஸ் விதைய முளைகட்டித் தர்றா. இவ இல்லாட்டி நான் எப்பவோ போயிருப்பேன்."

டாக்டர் சிரித்தார்.

"முளை நல்லதுதான். அப்ப நம்ம மாத்திரைதான் ஒத்துக்கல. நிறுத்திருவோம்."

கட்டி திரும்ப வராமல் பிடித்து வைத்திருப்பது அந்த மாத்திரைதான் என்று போன மாதம் சொன்னவரும் இதே டாக்டர்தான். அதற்கு மாற்று இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

பேனா தாளில் இறங்கியது.

சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. நாளையிலிருந்து முளையை நிறுத்திவிட்டால் ஈரலும் தேறிவிடும். அவர் கடைசிவரை இப்படியே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாத்திரை இல்லாமல் அந்தக் கடைசி எவ்வளவு சீக்கிரம் வரும்?

"மாத்திரைய நிறுத்தாதீங்க," என்றாள்.

பேனா நின்றது.

"அது நாங்க தோட்டத்துல போடுற விதை, டாக்டர்."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முப்பது வருஷம் நாற்றங்கால் போட்டவர் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.