பதினெட்டாவது மாடியின் ஆழம்

பிறவியிலேயே மாறுகண்ணுள்ள தணிகாசலம், கயிற்றில் தொங்கி அடுக்குமாடிகளின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். தொங்கியபடியே வடையும் தின்பவர். இரு கண்ணும் சேர்ந்து பார்த்து ஆழத்தை உணர மூளையைப் பழக்கினால்தான் இனி வேலை என்று கம்பெனி சொல்லிவிட்டதால், பயிற்சிக் கண்ணாடியோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினார்.

இன்று பதினெட்டாவது மாடியிலிருந்து கீழே பார்த்தார். முன்பெல்லாம் விரித்த படம்போல் தட்டையாகக் கிடந்த தெரு, கிணறாக வாயைப் பிளந்தது. கையிலிருந்து நழுவிய பிரஷ் விழுந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷம் இதன் மேலா தொங்கினோம்?

“இன்னாண்ணா, இப்டி நடுங்குற?” பக்கத்துக் கயிற்றிலிருந்து எத்திராஜ் கத்தினான். “ஒரு கண்ண மூடிக்கினு எறங்குண்ணா!”

ஒரு கண்ணை மூடினார். பள்ளம் போகவில்லை. இரண்டையும் இறுக மூடிக்கொண்டார். இருட்டுக்குள் அது இன்னும் ஆழமாயிற்று.