யாருக்கு எழுதிய பாட்டு?

"மச்சான், அந்தப் பொம்பளை வந்தா நீ ஒண்ணையும் ஒத்துக்காத. நான் பேசிக்கிறேன்" என்றான் ஷிராஸ்.

கிரிஷாந்தன் தலையை மட்டும் ஆட்டினான். பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தத் தேநீர்க் கடையில், அவன் முன்னால் இருந்த பிளேன்டீ தொடாமலே ஆறிப் போயிருந்தது.

'ஆறாம் கட்டை' என்ற அவர்களுடைய ராக் இசைக்குழு, மூன்று வருடமாக எல்ல ஊரின் சுற்றுலா விடுதிகளில் வெள்ளைக்காரர்களுக்கு அடுத்தவர் பாட்டுகளையே பாடிக்கொண்டிருந்தது. சொந்தமாக வெளியிட்ட முதல் பாட்டு 'விரிசல்'. வெளிவந்து இரண்டே வாரம். அதற்குள் பதுளையில் எந்த ஓட்டோவில் ஏறினாலும் அதுதான் கேட்டது. நாளைக் காலை கொழும்பில் ஒரு வானொலிப் பேட்டி.

இந்த நேரத்தில்தான் நேற்று அந்த அழைப்பு வந்தது.

"அந்தப் பாட்டுல வர்றது எல்லாம் நான் எழுதுனதுங்க. உங்கள நேர்ல பாக்கணும்."

ட்ரம்ஸ் வாசிக்கும் ஷிராஸ் அதைக் கேட்டுச் சிரித்தான். கிரிஷாந்தனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

கிரிஷாந்தனுக்கு வேலை ஒரு போட்டோ கொப்பிக் கடையில். சித்திரை மாதத்தில் ஒரு நாள், யாரோ கொடுத்த மூன்று பக்கக் கடிதத்தின் நடுப்பக்கம் இயந்திரத்தில் சிக்கி மை அப்பி வந்தது. வேறு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, கெட்டுப்போன தாளைப் பின்பக்கத்தில் மெட்டுக் குறித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டான். அன்று மாலை அதைத் திருப்பிப் படித்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எழுதியவர் பெயர் இல்லை. யாருக்கு என்றும் இல்லை.

'விரிசல் விரிஞ்சுக்கிட்டே போகுது. மழை பேஞ்சா உறக்கம் இல்ல. ஒரு தரம் வந்து பாத்தா போதும்.'

தான் எழுதியிருந்தால் இப்படி வந்திருக்காது என்று அவனுக்கே தெரியும். ஆனாலும், அந்த வரிகளுக்கு மெட்டுப் போட்டுக் குழுவிடம் காட்டியபோது, "நான்தான் எழுதினேன்" என்று வாயில் வந்துவிட்டது. கிரிஷாந்தனை ஏமாற்றிவிட்டுப் போன ஒருத்தியைப் பற்றி, பேஸ் கிட்டார் நிமலன் ஒரு கதையே கட்டிவிட்டிருந்தான். யாருடைய காதலையோ திருடிப் பாடிவிட்டோமே என்று நேற்றிலிருந்து கிரிஷாந்தனுக்குச் சோறு இறங்கவில்லை.

குடையை மடக்கியபடி ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"பாடுன தம்பி நீங்கதானா? நான் பாக்கியலெட்சுமி. மடுல்சீமைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேன்."

"அக்கா, ஒரே மாதிரி வரி ரெண்டு பேருக்குத் தோணலாம்..." என்று ஷிராஸ் தொடங்கினான்.

"போட்டோ கொப்பி அடிச்சது இந்தத் தம்பி வேலை செய்ற கடையிலதான். எனக்கு ஞாபகம் இருக்கு."

கிரிஷாந்தனால் தாங்க முடியவில்லை. "மன்னிச்சிருங்கக்கா. நான்தான் எடுத்தேன்."

மேசைக்கடியில் ஷிராஸின் செருப்பு அவன் காலை மிதித்தது.

பாக்கியலெட்சுமிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "நல்லாத்தான் பாடியிருக்கீங்க. ஆனா, நான் 'நீங்க'ன்னு மரியாதையா எழுதியிருந்தேன். நீங்க 'நீ'ன்னு மாத்திட்டீங்க. அவரு கேட்டா கோவிச்சுக்குவாரு."

"அவரு பாட்டைக் கேட்டாரா?" என்றான் கிரிஷாந்தன்.

"கேட்டிருப்பாரு. தனக்கு எழுதுனதுன்னு தெரியணுமே! நாலு கடிதாசி குடுத்தேன் தம்பி. நேர்ல பாத்தா, வர்றேன் வர்றேன்னு சொல்லுவாரு. மழை விட்டதும் மறந்துருவாரு."

"எத்தனை வருசமாக்கா?"

"ரெண்டு வருசமா."

கிரிஷாந்தன் ஆறிப்போன பிளேன்டீயைத் தள்ளி வைத்தான். "பாட்டை எடுத்துடறோம்க்கா. நாளைக்கு ரேடியோவுல உண்மையையும் சொல்லிடறேன்."

"ஐயோ, எடுத்துறாதீங்க!" அவள் பதறிப் போனாள். "நான் எழுதுனா யாரு படிக்கிறா? நீங்க பாடுனதாலதான் ஊரே கேக்குது. என் பேர்கூட வேணாம். அது யாருக்கு எழுதுனதுன்னு மட்டும் நாளைக்குச் சொல்லிருங்க. அதுக்குத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. அவள் திரும்பித் திரும்பி வாசலையே பார்த்தாள்.

ஷிராஸும் கிரிஷாந்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு ஆளின் பேரை நாடறியச் சொல்வதா? அவருக்கும் குடும்பம் இருக்குமே!

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்று கிரிஷாந்தன் குரலைத் தாழ்த்தினான். "இது உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? கடைசிக் கடிதாசியில அவரும்தான் கையெழுத்துப் போட்டாரு."

ஷிராஸ் வாயைப் பிளந்தான். கிரிஷாந்தன் மெல்லக் கேட்டான்: "அப்போ... யாருக்கா அவரு?"

"எங்க தோட்டத்து மேனேஜர் தொரைதான், வேற யாரு? எங்க லயத்து வீடுகளுக்குப் பின்னால மலை வெடிச்சு விரிசல் விட்டிருக்குன்னு எழுதுனேன்" என்றாள் பாக்கியலெட்சுமி, வலுக்கத் தொடங்கிய மழையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்ப அந்த விரிசல்ல ஒரு விரல்தான் நுழையும் தம்பி, இன்னைக்குக் காலையில கைய விட்டுப் பாத்தேன், முழங்கை வரைக்கும் உள்ள போகுது."