வெண்கலத் தேர்வு

ஏரியில் மூழ்குகிறவளாக நடிப்பது என் வேலை. உயிர்காப்பு வெண்கலப் பதக்கத் தேர்வுக்கு மூன்றாம் முறையாக வந்திருந்த பதினான்கு வயது ஆன்ஸ்லி என்னை நோக்கி நீந்தி வந்தாள். மிதவையை என் பக்கம் தள்ளிவிட்டு எட்டியே நிற்க வேண்டும் என்பது விதி. அவளோ அவசரத்தில் என் தோளைப் பிடித்தாள்.

நான் அவள் கழுத்தை இறுக்கித் தண்ணீருக்குள் அழுத்தினேன்.

திமிறி மேலே வந்து இருமினாள். "பைத்தியமா உங்களுக்கு? நடிக்கத்தானே சொன்னாங்க!"

கரையில் டோனட் தின்றுகொண்டிருந்த அவள் அப்பா எழுந்து கத்தினார். "ஏங்க மோர்னா, மூணாவது தடவையும் போச்சா? காப்பாத்த வந்தவங்களையே யாராவது இப்படி அமுக்குவாங்களா?"

"அமுக்குவாங்க" என்றேன்.

பன்னிரண்டு வயதில் நான் இங்கே நிஜமாகவே மூழ்கினேன். அண்ணன் டங்கன் நீந்தி வந்தான். கரையேறியது நான் மட்டும்.