பாரமில்லாத காசு

"ஒரு டாலர் காசு நூறையும் பாக்கெட்ல போட்டுக்கிட்டா கூட்டத்துக்குப் போறீங்க?" என்றாள் மனைவி மார்லிஸ்.

"பின்னே? நோட்டு ரெண்டு தடவை துவைச்சா கிழிஞ்சிடும். காசு முப்பது வருஷம் உழைக்கும்!" என்றார் ஆர்லன்.

ஒரு டாலர் நோட்டை ஒழித்துவிட்டு நாணயத்தையே புழங்க வேண்டும் என்று மினசோட்டாவின் அந்தச் சிற்றூரில் ஆறு வருடமாகத் தனியாளாகக் கத்திக்கொண்டிருந்தார் அவர். இந்த வருடம்தான் ஊர் ஃபாக்டரி முதலாளி ஹால்வர்சன் துணைக்கு வந்தார். போஸ்டர், மண்டப வாடகை, காபி எல்லாம் அவர் செலவு.

"அந்த மனுஷனுக்கு இதுல என்ன லாபம்?"

"எல்லாரும் உன்னை மாதிரியா? அவருக்கு நாட்டுப்பற்று!"

மண்டபம் நிரம்பியிருந்தது. ஆர்லன் மேடையேறி, "நண்பர்களே, காசு ஒரு பாரமே இல்லை!" என்று கைகளை உயர்த்தினார். கால்சட்டை கணுக்காலுக்கு இறங்கியது.

சிரிப்பு அடங்கவேயில்லை. ஆறு வருட உழைப்பும் போயிற்றென்று ஆர்லனுக்குக் கண் கலங்கியது. அதற்குள் ஹால்வர்சன் ஓடிவந்து கால்சட்டையைத் தூக்கி, அதைத் தோளோடு சேர்த்து இரண்டு எலாஸ்டிக் பட்டைகளை மாட்டிவிட்டார்.

"இப்ப குதிங்க!"

ஆர்லன் குதித்தார். காசு குலுங்கியது. கால்சட்டை அசையவில்லை.

"பாத்தீங்களா மக்களே! நம்ம ஃபாக்டரி பட்டை. வெளியே வேன்ல இருக்கு, ஜோடி பன்னெண்டே டாலர்!"

கூட்டம் நோட்டும் கையுமாக வேனை மொய்த்தது. ஆர்லனும் பெருமையாகப் பன்னிரண்டு காசுகளை நீட்டினார்.

"நோட்டா இல்லையா?" என்று முகம் சுளித்தார் ஹால்வர்சன். "இதையெல்லாம் யாரு சுமக்கிறது?"